பால் பாஸ்டரைசருக்கு எந்த வெப்பநிலை சென்சார்? வினாடிகளை டிகிரியாக்கிப் பார்ப்போம்

பாலைச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கும் பாஸ்டரைசரைப் புதிதாக நிறுவும்போதும் பழையதைப் புதுப்பிக்கும்போதும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: ஹோல்டிங் குழாயின் முடிவில் எந்த வெப்பநிலை சென்சாரைப் பொருத்துவது? விலைப்புள்ளிகள் மேசைக்கு வந்ததும் அளவு வரம்பு, துல்லியம், இணைப்பு வகை, விலை ஆகிய நான்கையும் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். ஐந்தாவதாக ஒரு வரி இருக்கும்: பதில் நேரம், இத்தனை வினாடி. அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு. அது எந்த நிலையில் அளக்கப்பட்டது என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. பாலைப் பொறுத்தவரை அந்த வரிக்குத் துல்லியத்துக்கு நிகரான இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். குளிர்ந்த பால் தட்டு வெப்பப் பரிமாற்றியில் சூடாகி, வளைந்து வளைந்து செல்லும் ஹோல்டிங் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே குறைந்தது 15 வினாடி அது சூட்டோடு பயணம் செய்ய வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்கும் வெப்பநிலை குறைந்தது 71.5 டிகிரி செல்சியஸ். நடைமுறையில் 72 டிகிரியை எல்லையாக வைத்து, அதற்குச் சற்று மேலே ஓட்டுவதுதான் வழக்கம். குழாயின் முடிவில் சென்சார் இருக்கிறது. அதை அடுத்துத் திருப்பு வால்வு. சூடு குறைந்துவிட்டதாகச் சென்சார் சொன்னால் வால்வு மாறி, பாலைத் தொடக்கத்தில் உள்ள பேலன்ஸ் டேங்குக்கே திருப்பி அனுப்பும். சொல்லத் தாமதித்தால், அந்த இடைவெளியில் கடந்த பால் குளிரூட்டும் பகுதிக்குப் போய், பிறகு பாக்கெட்டுக்கும் போய்விடும். அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

மணிக்கு 5,000 லிட்டர் ஓடும் ஆலை என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர். ஒவ்வொரு வினாடித் தாமதத்தின் அளவும் அதுதான்.

நேர மாறிலியும் கேட்டலாக்கின் பொறியும்

எந்தத் தொடு சென்சாரும் தன் வெப்பநிலையைத்தான் காட்டுகிறது. பாலின் வெப்பநிலையை நேரடியாகக் காட்டுவதில்லை. பாலின் சூடு உறையைக் கடந்து, உள்ளே நிரப்பிய பொடியைக் கடந்து, சூட்டை உணரும் பாகமான எலிமென்ட்டைச் சூடாக்கிய பிறகே எண் மாறும். இந்தத் தாமதத்தை அளக்க நேர மாறிலி என்ற அளவு பயன்படுகிறது. சூடு திடீரென்று மாறும்போது, மொத்த மாற்றத்தில் 63.2 சதவீதத்தைச் சென்சார் எட்ட எடுக்கும் நேரம் அது.

20 டிகிரியில் இருக்கும் சென்சாரை 80 டிகிரி நீரில் முக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேர மாறிலி கழிந்ததும் அது ஏறக்குறைய 58 காட்டும். இரண்டு கழிந்தால் 72, மூன்று கழிந்தால் 77, ஐந்து கழிந்தால் 79.6. நேர மாறிலி 6 வினாடி என்று எழுதியிருந்தால், எண் நிலைக்க அரை நிமிடம் ஆகும் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சென்சாரின் நிறையையும் வெப்ப ஏற்புத்திறனையும் பெருக்கி, அதன் மேற்பரப்பாலும் சுற்றியுள்ள திரவம் வெப்பத்தைக் கொடுக்கும் திறனாலும் வகுத்தால் நேர மாறிலி கிடைக்கிறது. இந்தக் கடைசி உறுப்பு மிக முக்கியம். ஆர்டிடி என்பது சூட்டுக்கேற்ப மாறும் மின்தடையை வைத்து வெப்பநிலையைச் சொல்லும் சென்சார். ஓடும் நீரில் சில வினாடிகளில் பதில் சொல்லும் 6 மில்லிமீட்டர் ஆர்டிடி, மிதமான காற்றோட்டத்தில் ஒரு நிமிடத்தை நெருங்கும். சென்சார் அதேதான், சுற்றியிருப்பது மாறிவிட்டது. எனவே எந்த ஊடகத்தில், எந்த வேகத்தில் அளந்தது என்று சொல்லாத பதில் நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிளாட்டினம் ஆர்டிடிகளுக்கான ஐஈசி 60751 தரநிலை நீரையும் காற்றையும் தனித்தனியாக, ஓட்ட வேகத்தோடு சேர்த்துக் குறிப்பிடச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பொறி சதவீதத்தில் இருக்கிறது. ஒரு தயாரிப்பாளர் 50 சதவீத மாற்றத்துக்கான நேரத்தைத் தருவார், இன்னொருவர் 63 சதவீதத்துக்கு, மூன்றாமவர் 90 சதவீதத்துக்கு. நேர மாறிலி 4 வினாடி உள்ள ஒரே சென்சாருக்கு முதல் கணக்கில் 2.8 வினாடி, மூன்றாவது கணக்கில் 9.2 வினாடி. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். 2.8 என்று போட்டவரின் பொருள் வேகமானது என்று கொள்முதல் பிரிவு முடிவு செய்துவிடும். எல்லாவற்றையும் ஒரே சதவீதத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். 50 சதவீத நேரத்தை 1.44 ஆல் பெருக்கினாலும், 90 சதவீத நேரத்தை 2.3 ஆல் வகுத்தாலும் தோராயமான நேர மாறிலி கிடைத்துவிடும். உறை, பொடி, எலிமென்ட் என்று பல அடுக்கு உள்ள உண்மையான சென்சார் இந்த எளிய கணக்கிலிருந்து கொஞ்சம் விலகும். ஆனால் தேர்வு செய்ய இது போதும்.

நீராவி நின்றால் என்ன நடக்கும்

பாய்லரில் கோளாறு. நீராவி அழுத்தம் விழுகிறது. பால் 73.5 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வினாடிக்கு 0.2 டிகிரி வீதம் குறைகிறது. வால்வு மாற வேண்டிய எல்லை 72. உண்மையான பால் இந்த எல்லையை 7.5 ஆவது வினாடியில் கடந்துவிடும்.

நேர மாறிலி 2 வினாடி உள்ள சென்சார் 72 காட்டும்போது 9.5 வினாடி ஆகியிருக்கும். அந்தக் கணத்தில் பாலின் உண்மையான சூடு 71.6. கடந்துபோன பால் மூன்று லிட்டருக்கும் குறைவு.

நேர மாறிலி 8 வினாடி என்றால் 14 ஆவது வினாடியில்தான் 72 காட்டும். பால் அப்போது 70.7 டிகிரிக்கு இறங்கியிருக்கும். 9 லிட்டர் போயிருக்கும்.

தெர்மோவெல் என்ற உலோகக் கூட்டுக்குள் தளர்வாக உட்கார்ந்து, நேர மாறிலி 30 வினாடி ஆகிவிட்ட சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். 24 வினாடி கழித்து அது 72 காட்டுகிறது. குழாயில் ஓடும் பால் 68.7 டிகிரி. 23 லிட்டர் போய்விட்டது. ரெக்கார்டர் தாளில் எல்லாம் சரியாகவே பதிவாகியிருக்கும்: 72 வந்தது, வால்வு மாறியது. தணிக்கைக்கு வருபவருக்கும் அதில் குறை தெரியாது.

வித்து உருவாக்காத நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு, வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தால் அவை அழியும் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். 3.3 டிகிரி குறைந்தால் ஐந்தில் ஒன்று. அந்த 23 லிட்டரின் கடைசிப் பகுதிக்குக் கிடைத்த பாதுகாப்பு இவ்வளவுதான். குழந்தைக்கு ஊட்டும் பாலும் அதில் இருக்கும் என்பதால், இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

அமெரிக்காவின் கிரேடு-ஏ பால் விதித்தொகுப்பு இதை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கட்டுப்பாட்டு அமைப்பைச் சோதிக்க, வால்வு திறக்கும் வெப்பநிலையைவிட 7 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகமான, கலக்கப்படும் நீர்த்தொட்டியில் சென்சாரை முக்க வேண்டும். திறக்கும் வெப்பநிலைக்கு 12 டிகிரி கீழே காட்டும் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, அமைப்பு திறக்க ஆணையிடும் கணத்தில் நிறுத்த வேண்டும். 5 வினாடியைத் தாண்டக் கூடாது. 12-உம் 7-உம் சேர்ந்தால் 19; 12-ஐ அந்த 19 ஆல் வகுத்துப் பாருங்கள்: 63.2 சதவீதம். நேர மாறிலி என்ற பெயரைச் சொல்லாமலே அதற்கு 5 வினாடி உச்சவரம்பு விதித்துவிட்டார்கள். சோதிக்கப்படுவது சென்சார் மட்டும் இல்லை. சென்சார், ரெக்கார்டர், கட்டுப்பாட்டுக் கருவி என்ற முழுச் சங்கிலியும்தான். வால்வு முழுமையாகத் திரும்ப மேலும் 1 வினாடிதான் அனுமதி. எந்த நாட்டில் ஆலை வைத்தாலும் இந்த இரண்டு எண்களையும் இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

எது வேகம், எது துல்லியம்

வேகம் மட்டுமே போதும் என்றால், இரு வேறு உலோகக் கம்பிகள் சேரும் முனையில் எழும் மின்னழுத்தத்தை வைத்துச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள்தான் வெல்லும். 3 மில்லிமீட்டர் உறையில், முனை உறையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட வகை ஓடும் நீரில் அரை வினாடி அளவில் பதில் தரும். முனை உறையிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட வகைக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஆகலாம். முதல் வகைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உறை வழியாக மின் இரைச்சல் புகும். ஹோமோஜினைசர் மோட்டாரும் பம்புகளும் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவில் ஓடும் ஆலையில் எண் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் தெர்மோகப்பிளை இங்கே நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இரைச்சல் இல்லை, துல்லியம். கே வகைத் தெர்மோகப்பிளின் முதல் தர அனுமதிப் பிழையே ±1.5 டிகிரி. டி வகை நன்றாக இருக்கிறது, ±0.5. இதோடு ஈடுசெய் கேபிளின் பிழையும் குளிர்முனைத் திருத்தத்தின் பிழையும் சேரும். ±1.5 டிகிரி சந்தேகத்தோடு 72 என்ற எல்லையைக் காக்க வேண்டுமானால் வால்வை 73.5-இல் வைத்து, பாலை 75-இல் ஓட்ட வேண்டும். ஆண்டு முழுவதும், ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் நீராவி. பாலில் வெந்த வாசனை ஏறும் வாய்ப்பும் கூடும். தாமதத்தில் மிச்சம் பிடித்த டிகிரிகளைப் பிழையில் இழக்கிறோம்.

பிடி-100 என்று எல்லோரும் அழைக்கும் பிளாட்டினம் ஆர்டிடியின் ஏ தரத்தில் 72 டிகிரியில் அனுமதிப் பிழை ±0.29 டிகிரி, பி தரத்தில் ±0.66. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை என்பதால் ஏ தரத்தையே கேட்க வேண்டும். மூன்று கம்பி இணைப்பைவிட நான்கு கம்பி நல்லது. எனவே உண்மையான போட்டி தெர்மோகப்பிளுக்கும் ஆர்டிடிக்கும் இடையே இல்லை. எந்த உருவத்தில் உள்ள ஆர்டிடி என்பதில்தான் போட்டி.

வழக்கமான 6 மில்லிமீட்டர் நேர் உறை ஆர்டிடி, பாலில் நேரடியாக நிற்கும்படி பொருத்தினால், நேர மாறிலி பெரும்பாலும் 4 முதல் 8 வினாடிக்குள் இருக்கும். 5 வினாடி இலக்கை வைத்துப் பார்த்தால் இது விளிம்பில் நிற்கிறது. சில பொருள் தேறும், சில தேறாது. தேறியதும் ஒரு மாதப் பால் படிவுக்குப் பிறகு தேறாமல் போகலாம்.

முனை மட்டும் 3 மில்லிமீட்டராகக் குறுக்கப்பட்ட ஆர்டிடி இந்த இடத்துக்கு என் முதல் தேர்வு. தண்டு தடிமனாக இருப்பதால் ஓட்டத்தைத் தாங்கும். முனை மெல்லியதாக இருப்பதால் சூடேற்ற வேண்டிய நிறை குறைவு. நேர மாறிலி 1.5 முதல் 3 வினாடி அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் எலிமென்ட்டையும் கேட்டு வாங்க வேண்டும். பீங்கான் குழலில் கம்பி சுற்றிய எலிமென்ட் நீளமானது, அதிர்வுக்கு அஞ்சுவது. மெல்லிய படல எலிமென்ட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரம்தான். அதை உறையின் அடியில் நேரடியாகப் பொருத்திய வகைகளில் 90 சதவீத மாற்றத்தை 2 வினாடிக்குள் எட்டுபவையும் விற்பனையில் இருக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு ஆலைக்கு இப்படிப்பட்ட இடம் ஒன்றோ இரண்டோதான். அங்கே சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

தெர்மிஸ்டர், அகச்சிவப்புக் கருவி, குழாய்க்கு வெளியே பட்டையால் இறுக்கும் சென்சார் ஆகிய மூன்றையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் குறைகடத்தியான தெர்மிஸ்டர் வேகமானது, நுட்பமானது. ஆனால் பிடி-100 போல எந்தத் தயாரிப்பாளரிடம் வாங்கினாலும் ஒரே அட்டவணை என்ற வசதி அதற்கு இல்லை. நள்ளிரவில் பழுதானால் கையிருப்பில் உள்ளதைப் போட்டு ஓட்ட முடியாது. அகச்சிவப்புக் கருவி பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைப் பார்த்தால், எதிரே உள்ள சுவரின் சூட்டையும் சேர்த்துப் படிக்கும். வெளிப்பட்டைச் சென்சார் குழாய்ச் சுவரின் சூட்டையும் அறைக் காற்றையும் கலந்து காட்டும். சுத்திகரிப்பு நீர் திரும்பி வரும் குழாயைக் கண்காணிக்க அது போதும், பாலின் பாதுகாப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

தெர்மோவெல் வேண்டுமா

இந்த இடத்தில்தான் விவாதம் நீளும். தெர்மோவெல் என்பது குழாய்க்குள் நிரந்தரமாக நிற்கும் உலோகக் கூடு. சென்சார் அதற்குள் செருகப்படுகிறது. பராமரிப்புப் பிரிவுக்கு அது பிடிக்கும். பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரை வெளியே எடுத்து அளவுத்திருத்தம் செய்யலாம், பழுதானால் மாற்றலாம், பாலோடு தொடர்பே இல்லை. இந்த வசதிகள் எல்லாம் உண்மைதான். விலையை வினாடிகளில் கொடுக்கிறோம்.

கூட்டின் தடிமனைப் பெரும்பாலோர் குற்றம் சொல்வார்கள். பெரிய எதிரி காற்றுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டர் கெல்வினுக்கு 16 வாட் அளவு, காற்றுடையது 0.03. ஏறக்குறைய 500 மடங்கு வித்தியாசம். கூட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் காற்று இருந்தால், அது கால் மீட்டருக்கும் மேலான ஸ்டீலைப் போல வெப்பத்தைத் தடுக்கும். கூடு 1 மில்லிமீட்டரா 2 மில்லிமீட்டரா என்ற சர்ச்சை அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஒரு ஆலையில் மந்தமாகக் காட்டுகிறது என்று சொல்லப்பட்ட சென்சாரைக் கழற்றிப் பார்த்தபோது கண்டதைச் சொல்கிறேன். கூட்டின் உட்புற ஆழத்தைக் கம்பியால் அளந்து, சென்சாரின் நீளத்தோடு வைத்துப் பார்த்தோம். முனை அடியைத் தொடவே இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. சென்சாரின் மேல் கருப்பாக ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடம் இருந்தது. அந்த ஒரு கோட்டில்தான் அது கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சென்சாரில் எந்தக் குறையும் இல்லை. சரியான நீளத்தில், முனையை அடியோடு அழுத்தும் சுருள்வில் உள்ள சென்சாரைப் போட்டு, கொஞ்சம் வெப்பக் கடத்துப் பசையும் வைத்ததும் மந்தம் பெருமளவு தீர்ந்தது.

தெர்மோவெல் தவிர்க்க முடியாத இடங்களும் இருக்கின்றன. அனல்மின் நிலையத்தின் உயர் அழுத்த நீராவிக் குழாயில் வெறும் சென்சாரை நிறுத்த முடியாது. அங்கே வேகத்துக்காகக் கூட்டை மெல்லிதாக்கும்போது வலிமையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மோஞ்சு அணு உலை சாட்சி. 1995 டிசம்பர் 8 அன்று அங்கே இரண்டாம் நிலைச் சோடியம் குழாயில் இருந்த தெர்மோவெல் ஒன்று, ஓட்டத்தால் எழுந்த அதிர்வில், தடிமன் சட்டென்று குறையும் படியில் முறிந்தது. சோடியம் கசிந்து தீப்பற்றியது. உலை பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. கூட்டின் முனையைக் குறுக்குவதானால் படிபோல் வெட்டாமல் படிப்படியாகச் சரிப்பதும், ஓட்ட வேகத்துக்கான அதிர்வுக் கணக்கைப் போடுவதும் கட்டாயம்.

பாஸ்டரைசரில் நிலைமை வேறு. அழுத்தம் குறைவு, ஓட்ட வேகமும் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். ஆலை தினமும் சுத்திகரிப்புக்காக நிற்கிறது. சென்சாரைக் கழற்ற அந்த நேரம் போதும். எனவே பாதுகாப்பு வால்வை ஆட்டுவிக்கும் இந்த ஒரு சென்சாருக்குத் தெர்மோவெல் வேண்டாம், நேரடியாகப் பாலில் நிற்கட்டும் என்பதே என் முடிவு. வெந்நீர்ச் சுற்று, குளிர்நீர்க் குழாய், பால் சேமிப்புத் தொட்டி ஆகியவற்றில் தாராளமாகத் தெர்மோவெல் வைக்கலாம். தொட்டியில் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி மாறினாலே அதிகம்.

வாங்கிய வேகம் எங்கே தொலைகிறது

நல்ல சென்சாரை வாங்கிய பிறகும் வேகம் தொலையும் இடங்கள் உண்டு. முதலாவது, பொருத்தும் விதம். விட்டத்தைப் போலப் பத்து மடங்கு ஆழமும், அதோடு எலிமென்ட்டின் நீளமும் திரவத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. 6 மில்லிமீட்டர் உறைக்கும் 25 மில்லிமீட்டர் எலிமென்ட்டுக்கும் இது 85 மில்லிமீட்டர். இரண்டு அங்குலக் குழாயில் குறுக்காகச் செருகினால் அந்த ஆழம் கிடைக்கவே கிடைக்காது. தண்டு வழியாகச் சூடு வெளியே ஓடி, எண்ணும் குறையும், தாமதமும் கூடும். குழாய் வளையும் முழங்கை இணைப்பில், ஓட்டத்தை எதிர்நோக்கி நீளவாக்கில் பொருத்தினால் சிக்கல் தீர்ந்தது. டீ இணைப்பின் முட்டுச் சந்தில், பால் தேங்கும் மூலையில் பொருத்துவது மிகப் பெரிய பிழை. அங்கே அரை வினாடிச் சென்சாரும் மந்தமாகிவிடும், சுத்திகரிப்பும் சரியாக நடக்காது.

இரண்டாவது, சென்சாரின் அளவைச் சிக்னலாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் டேம்பிங். எண் நடுங்காமல் இருப்பதற்காக மென்பொருளில் வைக்கப்படும் வடிகட்டி இது. ஆலையை முதலில் இயக்கிய நாளில் யாரோ 8 வினாடி என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் நிரலில் இன்னொரு வடிகட்டி இருக்கும், அது 5 வினாடி. சீராகக் குறையும் வெப்பநிலைக்குத் தாமதங்கள் ஒன்றோடொன்று கூடும். சென்சாரின் 2, டிரான்ஸ்மிட்டரின் 8, பிஎல்சியின் 5 சேர்ந்து 15 வினாடி. கூடுதல் விலை கொடுத்து 6 வினாடிச் சென்சாருக்குப் பதில் 2 வினாடிச் சென்சார் வாங்கியதன் பயன் இந்த இரண்டு எண்களுக்கு அடியில் புதைந்துவிட்டது. ஒரு ஆலையில் மந்தம் என்ற புகார் வந்தால், சென்சாரைக் கழற்றும் முன்பே இந்த இரண்டு அமைப்பையும் திறந்து பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதித் தாமதம் போய்விடும்.

மூன்றாவது, படிவு. சூடான பரப்பில் பாலின் புரதமும் தாது உப்பும் படியும். சோடா காரமும் நைட்ரிக் அமிலமும் சரியாகச் சுழன்று வராத இடத்தில் சென்சாரின் மேல் அது தோலாக நிற்கும். முனையின் பரப்பு 0.8 மைக்ரான் அல்லது அதைவிட வழவழப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பதன் நோக்கம் சுகாதாரம். வேகத்துக்கும் அது உதவுகிறது.

இதே கணக்கு வேறு இடங்களில்

வெப்பநிலை மாறும் வேகத்தை நேர மாறிலியால் பெருக்கினால், சென்சார் எத்தனை டிகிரி பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும். பாஸ்டரைசருக்கு வெளியேயும் இந்த ஒரு பெருக்கல் தேர்வைத் தெளிவாக்கும்.

திருப்பூரின் சாய ஆலையில் துணி சாயமேற்றும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சூடு நிமிடத்துக்கு 2 டிகிரி ஏறுகிறது என்றால் வினாடிக்கு 0.033. நேர மாறிலி 10 வினாடி உள்ள சாதாரண ஆர்டிடி 0.33 டிகிரிதான் பின்தங்கும். வேகமான சென்சாருக்கு அங்கே கூடுதல் பணம் கொடுப்பது வீண். ரசாயனத்தையும் அதிர்வையும் தாங்கும் கனமான உறையே மேல்.

தூண்டல் முறையில் பற்சக்கரத்தைக் கடினமாக்கும் இடத்தில் கதை தலைகீழ். மேற்பரப்பு வினாடிக்கு 300 டிகிரி ஏறினால், அரை வினாடித் தெர்மோகப்பிள்கூட 150 டிகிரி பின்தங்கும். தொடு சென்சார் எதுவும் அங்கே உதவாது. பத்து மில்லி வினாடி அளவில் பதில் தரும் அகச்சிவப்புப் பைரோமீட்டர் 3 டிகிரிதான் பின்தங்கும். பாஸ்டரைசரில் நான் ஒதுக்கிய கருவி அங்கே முதல் தேர்வாகிவிடுகிறது. உமிழ்திறன் அமைப்பை, அதாவது மேற்பரப்பு எவ்வளவு கதிரை உமிழ்கிறது என்ற எண்ணை, சரியாக வைக்கும் பொறுப்பு கூடவே வரும்.

வாங்கும்போதும் பிறகும்

விலைப்புள்ளி கேட்கும்போது எழுத வேண்டியது இவ்வளவு: பிடி-100, ஏ தரம், நான்கு கம்பி, மெல்லிய படல எலிமென்ட், 3 மில்லிமீட்டராகக் குறுக்கிய முனை, 316எல் ஸ்டீல், நேரடிச் சுகாதார இணைப்பு, தெர்மோவெல் இல்லாமல். அதோடு, 63.2 சதவீதப் பதில் நேரம், நீரில், ஓட்ட வேகத்தைக் குறிப்பிட்டு, 3 வினாடிக்கு மிகாமல், சோதனைச் சான்றோடு. கடைசி வாக்கியத்தைச் சேர்த்ததும் சில விற்பனையாளர்கள் விலகிக்கொள்வார்கள். விலகட்டும்.

பொருள் வந்ததும் ஆலையிலேயே சோதித்துவிடலாம். கலக்கி இயங்கும் வெந்நீர்த் தொட்டி, பனிக்கட்டி போட்ட நீர், ஒரு கைபேசி போதும். பனிக்கட்டி நீரில் எண் நிலைத்ததும் சென்சாரை வெந்நீருக்கு மாற்ற வேண்டும். அது நீரைத் தொடும் கணமும் திரையின் எண்ணும் ஒரே காணொளியில் தெரியும்படி படமெடுத்து, 63.2 சதவீத எண் எத்தனை வினாடியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். திரை வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒரு வினாடிச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும்; பல முறை செய்து சராசரி எடுத்தால் அது குறையும். சோதனையை ஆலையின் டிரான்ஸ்மிட்டர், பிஎல்சி வழியாகவே செய்வது நல்லது. வால்வுக்குப் போய்ச் சேரும் தாமதம்தான் நமக்கு வேண்டும்.

அணுமின் நிலையங்களில் கழற்றாமலே சோதிக்கும் முறை ஒன்று உண்டு. ஆர்டிடிக்குள் சில பத்து மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தி அதைக் கொஞ்சம் சூடாக்கி, அந்தச் சூடு எப்படி மாறுகிறது என்பதிலிருந்து பதில் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். பால் பண்ணைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆண்டுதோறும் அளவுத்திருத்தத்துக்காக அந்தச் சென்சாரை எப்படியும் கழற்றுகிறோம். சான்றிதழில் 70, 72, 75 டிகிரிப் பிழைகளுக்குக் கீழே பதில் நேரத்துக்கும் ஒரு வரி சேர்த்து, சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டு, அது 5 வினாடியைத் தாண்டினால் சென்சாரை மாற்றிவிட வேண்டும்.